பக்கத்துச் சுவருக்கு அப்பால் ஓர் இலை: பிரித்தானிய உள்துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம்.

இந்த மடலைத் தமிழில் எழுதுவதற்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. எண்பதுகளின் கடைசியில் உங்கள் அமைச்சின் மேசை ஒன்றின் முன் நான் இருந்தபோது, என் தமிழை ஆங்கிலமாக்க ஒரு மொழிபெயர்ப்பாளரை நீங்களே அழைத்துவந்து பக்கத்தில் இருத்தினீர்கள். அந்த ஏற்பாட்டை இன்னும் கைவிட்டிருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். தவிர, இதை நீங்கள் வாசிப்பதற்கு முன் என் ஆட்கள் வாசிக்கவேண்டும் என்ற விருப்பமும் எனக்கு உண்டு. ஏன் என்பது போகப்போக விளங்கும்.

நான் மேற்கு லண்டனில் இருபத்தாறு ஆண்டுகள் கடை வைத்திருந்தவன். பால், பாண், பத்திரிகை, சிகரெட், லொத்தர் டிக்கெட். இவற்றோடு, உரிமப் பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, மதுபானம். காலை எட்டு மணிக்கே கை நடுங்க வந்து நின்றவர்களுக்கு அரைப் போத்தல் வொட்கா எடுத்துக் கொடுத்திருக்கிறேன். காசை வாங்கி, மிச்சத்தைக் கொடுத்து, நன்றியும் சொல்லியிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நான் நியாயம் பேசப்போகிறேன். பேசுபவனின் கல்லாப்பெட்டியில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

என் கடைக்கு அடுத்த சுவர் ஒரு மஃப்ரிஷ். சோமாலியர்கள் கூடியிருந்து காத் இலை மெல்லும் இடத்துக்கு அதுதான் பெயர். வெளியே பலகை எதுவும் இல்லை. உள்ளே சுவரோரமாகத் தாழ்ந்த மெத்தைகள், எந்நேரமும் ஓடும் தொலைக்காட்சி, ஏலக்காய் மணக்கும் பால் தேநீர், கோக் போத்தல்கள். நான் பார்த்தவரையில் ஒரு பெண்ணும் அந்த வாசற்படியைத் தாண்டியதில்லை.

காத் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. என் ஆட்களுக்குச் சொல்லவேண்டும். எத்தியோப்பியாவிலும் கென்யாவிலும் யேமனிலும் பயிராகும் ஒரு மரத்தின் இளந்தளிர் அது. கென்யாவில் மிரா என்பார்கள். தளிரையும் குருத்துத் தண்டின் பட்டையையும் கன்னத்தில் அடக்கி மணிக்கணக்கில் மெல்லவேண்டும். அதிலுள்ள கதினோன் என்ற பொருள் தூக்கத்தையும் பசியையும் விரட்டும், பேச்சைப் பெருக்கும். பறித்து இரண்டு மூன்று நாள் கடந்தால் வீரியம் போய்விடும். ஆகவே தடைக்கு முந்திய அந்தக் காலத்தில், கென்யாவின் மேரு மலைப்பக்கத்தில் பறித்த தளிர், வாடுவதற்குள் நைரோபியில் விமானம் ஏறி ஹீத்ரோவில் இறங்கிவிடும். ஒளித்து மறைத்து அல்ல. 2011-12 நிதியாண்டில் மட்டும் 2,560 தொன் இப்படி வந்தது. பெறுமதி 1 கோடியே 38 லட்சம் பவுண். அதில் 28 லட்சம் பவுண் வரியாக உங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போனது. அப்போது ஒரு கட்டு மூன்று பவுண்.

பக்கத்துக் கடைக்காரர் முதன்முதலில் என் கண்முன்னால் ஒரு பெட்டியை உடைத்தபோது மேலே தெரிந்தது வாழை இலை. ஈரம் காயாதிருக்க, கட்டுகளை வாழை இலையில் சுற்றித்தான் அனுப்புவார்கள். லண்டன் தூறலில் நனைந்தபடி வாழை இலையைக் காணும் யாழ்ப்பாணத்தான் என்ன செய்வான்? கையை நீட்டித் தொட்டுப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டு, உள்ளிருந்த தளிரை எடுத்துக்கொண்டு சுற்றி வந்த இலைகளை என்னிடம் தந்தார். கிழிந்தும் மடிந்தும் இருந்தன, சோறு போட உதவவில்லை. ஆனாலும் அன்றிரவு என் மனைவி அதில் ஒரு துண்டைக் கழுவித் தட்டில் விரித்தாள்.

அந்த இடத்துக்கு வருபவர்களில் வயதானவர் ஒருவர் இருந்தார். கப்பலில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இளைஞர்கள் அவரை அதீர் என்று அழைப்பார்கள். சோமாலிய மொழியில் தகப்பனின் சகோதரனுக்கு அது பெயர், வயதில் மூத்த எவருக்கும் பொருந்தும். நானும் அப்படியே அழைத்தேன். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் வருவார். என் கடையில் ஒரு சூயிங்கம் பொட்டலம் வாங்கிக்கொண்டு உள்ளே போவார். அந்த அறையில் அவர் சும்மா இருந்து மெல்லவில்லை. வேலை தேடும் பையனுக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொடுப்பார். ஊரில், ஹர்கெய்சா நகரில், யார் இறந்தார்கள், யாருடைய மகளுக்குக் கல்யாணம், சவச்செலவுக்கு எவ்வளவு சேர்ந்தது என்பதெல்லாம் அங்கேதான் பேசி முடிவாகும். எங்களுக்குக் கோயில் மண்டபம் இருந்தது, ஊர்ச்சங்கங்கள் இருந்தன, பழைய மாணவர் சங்கங்கள் இருந்தன. அவர்களுக்கு அந்த அறை.

இதைச் சொன்ன கையோடு மற்றதையும் சொல்லிவிடவேண்டும். இல்லாவிட்டால் நான் பொய்யன்.

பால் வாங்க வரும் சோமாலியப் பெண் ஒருவர் இருந்தார். மூன்று பிள்ளைகள், ஒன்று எப்போதும் இடுப்பில். ஒருநாள் காசை எண்ணி வைத்துவிட்டு, "உங்கள் சுவருக்கு அந்தப் பக்கம்தான் என் கணவர் இருக்கிறார், அண்ணா. ஆறு மணி நேரமாக. ஒருதடவை சுவரைத் தட்டிப் பாருங்களேன்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அவர் சிரிக்கவில்லை. இரவு முழுக்க விழித்திருந்து பகல் முழுக்கத் தூங்கும் மனிதனோடு குடும்பம் நடத்துவது எப்படி என்று அந்தத் தெருவின் பல பெண்களுக்குத் தெரியும். தடை வேண்டும் என்று கேட்டுக் கூட்டம் போட்டவர்களிலும் மனுக் கொடுத்தவர்களிலும் சோமாலியப் பெண்கள் நிறையப் பேர். அவர்கள் கேட்டதில் பிழையில்லை. என் அம்மாவும் கள்ளுத் தவறணை வேலியோரம் நின்றுகொண்டு, "போய் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்று என்னை உள்ளே அனுப்பியவர். அந்த ஏழு வயதுப் பையனின் கூச்சம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஆகவே 2013 ஜூலை 3ஆம் தேதி, அன்றைய உள்துறை அமைச்சர் தெரசா மே, காத் தடை செய்யப்படும் என்று அறிவித்தபோது எனக்கு அது சரியென்றுதான் பட்டது. அதற்குச் சொன்ன காரணத்தை வாசித்த பிறகுதான் உறுத்தத் தொடங்கியது.

போதைப்பொருள்கள் பற்றி உங்களுக்கு அறிவுரை சொல்ல நீங்களே அமைத்த ஆலோசனைச் சபை ஒன்று இருக்கிறது. விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் அதில் இருக்கிறார்கள். 2005இலேயே காத்தை ஆராய்ந்து, தடை வேண்டாம் என்றது. அமைச்சு மறுபடி கேட்டது. 2013 ஜனவரியில் மறுபடியும் அதையே சொன்னது: ஈரலுக்குக் கெடுதி வரலாம் என்பதற்கான சில சான்றுகள் உண்டு, குடும்பச் சண்டை, வேலையின்மை போன்றவற்றுக்கு இந்த இலைதான் காரணம் என்று நிறுவ முடியவில்லை, சட்டத்தால் அடிப்பதைவிட அந்தந்த ஊரில் சுகாதார உதவியும் விழிப்பூட்டலும் செய்வதே தக்கது. ஆறு மாதம் கழித்து அமைச்சு எதிர்த்திசையில் முடிவெடுத்தது. தீங்கைச் சபை குறைத்து மதிப்பிட்டிருக்கலாம் என்றது. அதைவிட அழுத்தமாகச் சொன்ன காரணம் வேறு. ஸ்வீடன் 1989இலேயே தடுத்துவிட்டது, நெதர்லாந்து 2013 ஜனவரியில் தடுத்துவிட்டது, இனி பிரித்தானியாதான் வட ஐரோப்பாவுக்குக் காத் கடத்தும் சந்தியாகிவிடும்.

பால் வாங்க வந்த பெண் கேட்டது, கணவர் நேரத்துக்கு வீட்டுக்கு வரவேண்டும் என்பதை. உங்கள் ஆணையோ காத் ஏற்றிக்கொண்டு ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமுக்குப் போகும் வான் வண்டியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இரண்டுக்கும் ஒரே மருந்து என்று நீங்கள் நினைத்திருக்கலாம். அப்படி நினைத்தவர்கள், அந்தப் பெண்ணுக்கு அதன்பின் என்ன ஆயிற்று என்று போய்ப் பார்த்திருக்கவேண்டும்.

அதே ஆண்டு நவம்பரில், கீத் வாஸ் தலைமையில் இருந்த நாடாளுமன்ற உள்துறைக் குழுவும் தடை வேண்டாம் என்றது. இறக்குமதி செய்பவர்களுக்கு உரிமம் கொடுத்துக் கட்டுப்படுத்துங்கள் என்று ஒரு வழியும் காட்டியது. எனக்கு அந்த யோசனை மிகவும் பழக்கமானது. என் கடைச் சுவரில் தொங்கிய பத்திரமும் அதுதானே? வயது பார்த்து விற்கவேண்டும், நேரம் பார்த்து மூடவேண்டும், மீறினால் உரிமம் போகும். வொட்காவுக்கு இது போதும் என்று நினைக்கும் நாடு, இலைக்கு ஏன் போதாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

2014 ஜூன் 24, செவ்வாய்க்கிழமை, தடை நடைமுறைக்கு வந்தது. 1971ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் காத் சி வகுப்புப் போதைப்பொருள். விற்றால் 14 ஆண்டுவரை சிறை, கையில் வைத்திருந்தால் 2 ஆண்டுவரை. நடைமுறையில் முதல்தடவை எச்சரிக்கை, இரண்டாம் தடவை 60 பவுண் தண்டம், மூன்றாம் தடவை கைது. ஒரே சுவரின் இந்தப் பக்கம் நான் உரிமம் பெற்ற வணிகன், அந்தப் பக்கம் இருந்தவர் ஒரே இரவில் குற்றவாளி ஆகக்கூடியவர். அன்று காலை அவர் கதவைப் பாதி இறக்கிவைத்துக்கொண்டு மெத்தைகளை வெளியே எடுத்துப் போட்டார். நான் உதவிக்குப் போனேன். அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. எங்கள் இருவரில் யாருடைய சரக்கினால் அந்தத் தெருவில் அதிகம் பேர் கெட்டார்கள் என்று இருவருக்குமே தெரியும்.

இனி என் ஆட்களோடு கொஞ்சம் பேசவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தடை வந்த வாரம், கோயில் அன்னதான வரிசையில் நின்றபோது எனக்குத் தெரிந்தவர் ஒருவர், "நல்ல வேலை செய்தார்கள். அந்த ஆட்கள் நாள்முழுக்க மென்றுகொண்டே கிடப்பார்கள்" என்றார். அவர் வாயில் வெற்றிலை இருந்தது. உள்ளே பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளுப் புகையிலையும் இருந்திருக்கலாம். அவரைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. பாக்கும் சீவலும் என் கடையிலேயே விற்றவன் நான். என் அம்மம்மா பாக்குரலில் இடிக்கும் சத்தத்தைக் கேட்டு விழித்தவன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் பாக்கையே, புகையிலை சேராத வெறும் பாக்கையே, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் தொகுதிப் பொருள்களில் சேர்த்திருக்கிறது. சிகரெட்டும் அதே தொகுதிதான். ஆனாலும் பாக்கைக் காத்தைப்போலப் போதைப்பொருள் என்று பிரித்தானியா தடுக்கவில்லை. அதைத் தடுக்கச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை, அமைச்சரே, தயவுசெய்து அப்படி விளங்கிக்கொள்ளாதீர்கள். எங்கள் வெற்றிலைக்கு ஸ்வீடனுக்குப் போகும் வான் வண்டி கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அதனால் தப்பினோம். தப்பியவர்கள் பக்கத்து வீட்டைப் பார்த்துக் கைதட்டுவது அழகில்லை.

உங்கள் பழைய கோப்புகளில் ஏடன் என்று ஒன்று இருக்கும். ஏடன் உங்கள் ஆட்சியில் இருந்தபோது, 1957இல் அங்கே காத் தடை செய்யப்பட்டது. மெல்லுபவர்கள் பஸ் ஏறி எல்லைக்கு அப்பாலுள்ள லாஹெஜ் பக்கம் போய் மென்றுவிட்டு வந்தார்கள். வரியும் போயிற்று, கட்டுப்பாடும் போயிற்று. 1958இல் தடையை நீக்கினீர்கள். பிறகு அதே ஏடனைத் தலைநகராகக் கொண்ட தெற்கு யேமன் 1977இல் வேறொரு வழியைப் பிடித்தது: வார இறுதியிலும் விடுமுறை நாளிலும் மட்டும் மெல்லலாம். சோமாலியாவை அப்போது ஆண்ட சியாத் பாரே 1983இல் முழுத்தடை போட்டார். 1983 என்றால் எங்களுக்கு வேறொரு ஜூலை நினைவுக்கு வரும், அது இங்கே வேண்டாம். பாரேயின் தடையில் இலை நிற்கவில்லை, விலைதான் ஏறியது. அவருடைய ஆட்சி 1991இல் விழுந்தது. அதற்கு முன்னும் பின்னும் ஓடிவந்தவர்கள்தான் என் பக்கத்துச் சுவருக்கு அப்பால் இருந்து மென்றார்கள். ஒரு தடையிலிருந்து தப்பி இன்னொரு தடைக்குள் வந்தவர்கள் என்று அதீர் சொல்வார். அவர் எதையும் கொஞ்சம் பெரிதாக்கித்தான் சொல்வார்.

எங்கள் தெருவில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். மஃப்ரிஷ் மூடியது. கொஞ்சக் காலம் கைத்தொலைபேசி திருத்தும் கடை, பிறகு கோழி பொரிக்கும் கடை. இலை அடியோடு இல்லாமல் போகவில்லை. பச்சைத் தளிருக்குப் பதிலாகக் காய்ந்த இலை பொட்டலமாக வந்தது. தேயிலைபோல இருக்கும், தபாலில் வரும், விலை பழைய விலையைப்போலப் பல மடங்கு. யார் விற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. மூன்று பவுணுக்கு வரிகட்டி விற்ற மனிதர் டாக்சி ஓட்டப் போய்விட்டார்.

அந்த அறையில் இருந்தவர்கள் எல்லாரும் அடுத்தநாளே வேலைக்குப் போய், மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கவில்லை. சிலர் போனார்கள், அதை மறைக்கமாட்டேன். பால் வாங்கும் பெண்ணின் கணவர் பண்டகசாலை ஒன்றில் இரவு வேலைக்குச் சேர்ந்தார். "இப்போதும் பகலில் தூங்குகிறார், ஆனால் சம்பளம் வருகிறது" என்று அந்தப் பெண் சொன்னபோது முதல்தடவையாகச் சிரித்தார். தடையால் அந்த வீட்டுக்கு நன்மை. எழுதிக்கொள்ளுங்கள். வேறு இரண்டு பேர் வந்து நின்றது என் கடைக்கு. முன்பு சூயிங்கம் வாங்கியவர்கள். முதலில் சிகரெட், பிறகு, மற்றவர்கள் பார்க்காத நேரம் பார்த்து, அலுமாரியின் பின்பக்கத்தைச் சுட்டிக்காட்டினார்கள். அவர்கள் மார்க்கத்தில் அது விலக்கு என்று எனக்குத் தெரியும். உரிமம் இருந்தது. விற்றேன்.

அதீர் வெள்ளிக்கிழமைகளில் வந்து கல்லாப்பெட்டிக்கு அருகே நிற்கத் தொடங்கினார். எங்கே போவதென்று தெரியவில்லை என்று அவர் சொல்லவில்லை. நான்தான் ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டேன். பையன்கள் விண்ணப்பங்களைக் கொண்டு அங்கே வந்தார்கள். பத்திரிகை அடுக்கும் பலகை அவருக்கு மேசையானது. ஆனால் ஒரு ஸ்டூலில் ஒரு அறை அடங்காது. ஒரு மாதத்தில் ஐந்தாறு பேர் வந்தார்கள், பிறகு இரண்டு பேர். அடுத்த பெருநாளுக்குப் பிறகு அவரும் வரவில்லை.

மேருவில் என்ன நடந்தது என்பது உங்கள் பொறுப்பு இல்லை என்பீர்கள். சரி. ஆனால் மாவுவா என்ற சிறு நகரத்தைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாக மிரா மரம் வைத்திருந்தவர்கள், லண்டன் சந்தை ஒரே நாளில் பூட்டியபோது என்ன செய்திருப்பார்கள் என்று தேயிலைத் தோட்டம் தெரிந்த எவரும் ஊகிக்கலாம். கென்யா 2016இல் மிராவைச் சட்டப்படி ஒரு பணப்பயிராகவே அறிவித்துவிட்டது. உங்களுக்குப் போதைப்பொருள், அவர்களுக்கு விவசாயத் துறை. உங்களுக்குப் பதிலாகச் சோமாலியச் சந்தையை நம்பினார்கள், கொரோனா வந்த 2020 மார்ச்சில் அதுவும் மூடி 2022 ஜூலையில்தான் திறந்தது.

நான் கேட்பது இதுதான். ஜூன் 2014இலிருந்து இன்றுவரை காத்துக்காக எத்தனை எச்சரிக்கை, எத்தனை 60 பவுண் தண்டம், எத்தனை கைது, அவற்றில் எத்தனை சோமாலியர், யேமனியர், எத்தியோப்பியர் என்பதை ஊர்வாரியாக ஒரே இடத்தில், சாதாரண மனிதனுக்கு விளங்கும் விதத்தில் வெளியிடுங்கள். அந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கணக்கையும் போடுங்கள்: விடமுடியாமல் தவித்தவர்களுக்குச் சோமாலிய மொழியில் உதவ எவ்வளவு செலவழித்தீர்கள்? வேலையில்லாதவருக்கு வேலைபழக்க? பெண்கள் தங்கள் துன்பத்தைச் சொல்ல? தடுக்கச் சொன்ன பெண்களையே திரும்பக் கூப்பிட்டு, கிடைத்ததா என்று கேளுங்கள். கிடைத்தது என்று அவர்கள் சொன்னால் நான் இந்த மடலை வாபஸ் வாங்குகிறேன். அதன்பிறகு ஆலோசனைச் சபையிடம் மூன்றாம் தடவையாகக் கேளுங்கள், இந்தமுறை பதிலைக் கேட்ட பிறகு முடிவெடுங்கள். 2013இல் நாடாளுமன்றக் குழு சொன்ன உரிமம் என்ற வழியை அப்போதாவது எடுத்துப் பாருங்கள். அதற்கெல்லாம் காலம் எடுக்கும் என்று தெரியும். அதுவரை, பையில் ஒரு கட்டு இலையோடு அகப்படும் எழுபது வயதுக்காரரைக் குற்றப் பதிவேட்டில் ஏற்றாமல் இருக்கலாம், அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை.

நான் கடையை விற்றுவிட்டேன். முட்டிவலி. மதுபான உரிமம் புதிய முதலாளியின் பெயரில் அதே சட்டத்துக்குள் தொங்குகிறது.

போன மாதம் அதீரைத் தேடிப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார், காது கொஞ்சம் மந்தம். இந்த மடலை என் மகள் ஆங்கிலத்தில் சொல்லச்சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு கட்டு ஐந்து பவுண் என்று நான் எழுதியிருந்தேன். அந்த இடத்தில் கண்ணைத் திறந்து கையை உயர்த்தி நிறுத்தினார். "மூன்று என்று எழுது. ஐந்துக்கு விற்றவன் கொள்ளைக்காரன்."

திருத்திவிட்டேன். பதிலை ஆங்கிலத்திலேயே எழுதலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடைக்காரன் ஒருவன்,
மேற்கு லண்டன்